பீடிக் கடை வாசலில் எழுதிய 120 பேர்: எந்தச் சராசரியைச் சொல்வது, யாருக்காகச் சொல்வது?

முக்கூடல் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முக்கூடலைச் சுற்றியுள்ள ஊர்களில் பீடி சுற்றும் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுகிறார்கள் என்பதே என் ஆய்வேட்டின் பொருள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி கணக்கிடப்படுகிறது. ஆகவே இந்த ஓர் எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டால், வருமானம், வேலை நேரம், கழுத்துவலி என்று மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே பேசிவிடலாம் என்று எண்ணித் தொடங்கினேன்.

மூன்று ஊர்களில், ஊருக்கு ஒரு நாளாக, காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை பீடிக் கடை வாசலில் நின்று, சுற்றிய பீடியைக் கொடுக்க வந்த பெண்களிடம் கேட்டு 120 பேரின் விவரத்தை எழுதினேன். கூட்டுச் சராசரி கண்டுபிடித்து என் வழிகாட்டியிடம் கொண்டுபோனபோது, அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. "இந்த 120 பேர் யாருக்காகப் பேசுகிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் உள்ள 11 பேரின் எண்களை இங்கே தருகிறேன். முந்தைய நாள் சுற்றிய பீடி: 350, 400, 400, 450, 500, 500, 500, 600, 650, 700, 1,550. இவற்றின் சராசரி சரியாக 600 வருகிறது. ஆனால் 600க்கு மேல் சுற்றியவர்கள் மூன்று பேர்தான், ஏழு பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள். அந்த 1,550ஐ நீக்கிவிடலாமா? எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்று காட்டும் திட்ட விலக்கத்துக்கு 11ஆல் வகுப்பதா, 10ஆல் வகுப்பதா? இன்னும் சில நாள் அதே கடை வாசலில் நின்று 120ஐ 300 ஆக்கினால் என் வழிகாட்டியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுமா?

பாளை கணக்காசிரியர்:

அன்புள்ள மாணவிக்கு. பல ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் வழிகாட்டி கேட்டதுதான் முதல் கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்லக் களத்தில் அலைந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால், நான் அந்த 11 எண்களிலிருந்து தொடங்குகிறேன்.

கூட்டுச் சராசரி என்பது மிகுதியும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமனாகும் புள்ளி. உங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 600க்கு மேலே உள்ள மூவரின் மிகுதி 50, 100, 950, ஆகக் கூடுதல் 1,100. கீழே உள்ள ஏழு பேரின் குறைவுகளையும் கூட்டிப் பாருங்கள், அதே 1,100 வரும். இந்த 1,100இல் 950 ஒரே ஒருவரிடமிருந்து வருகிறது. அந்த ஒருவரைச் சமன்செய்வதற்காகத்தான் ஏழு பெண்கள் "சராசரிக்குக் கீழே" நிற்கும்படி ஆகியிருக்கிறது. இடைநிலை அளவுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்களை ஏறுவரிசையில் வைத்து நடுவில் நிற்கும் ஆறாவது எண்ணை எடுத்தால் 500 கிடைக்கிறது. கடைசி எண் 1,550 ஆக இருந்தாலும் 15,500 ஆக இருந்தாலும் ஆறாவது இடத்தில் நிற்பவர் மாறப்போவதில்லை. ஒரு சாதாரணத் தொழிலாளி எவ்வளவு சுற்றுகிறார் என்று கேட்டால், என் பதில் இடைநிலை அளவுதான்.

அதற்காகக் கூட்டுச் சராசரி பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். இந்தப் பதினோரு பேருக்கும் இலையும் தூளும் எவ்வளவு தேவை என்று கடைக்காரர் கேட்டால், 500ஐப் பதினொன்றால் பெருக்கி 5,500 பீடிக்குக் கொடுப்பது தவறு, ஏனெனில் அவர்கள் சுற்றியது 6,600. மொத்தம் வேண்டுமென்றால் கூட்டுச் சராசரி, ஆளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இடைநிலை அளவு என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. முகடும், அதாவது அதிகம் பேர் சொன்ன எண்ணும், உங்களுக்கு 500தான், ஆனால் அதை நான் அதிகம் நம்பமாட்டேன். யாரும் 487 என்று சொல்லவில்லை பாருங்கள். கேட்டவுடன் நினைவிலிருந்து சொல்லும்போது எல்லோரும் 50, 100 என்ற முழு எண்ணுக்குத்தான் போவார்கள். அதனால் 500இல் கூட்டம் சேர்வது இயல்பு.

1,550ஐ நீக்கலாமா என்ற கேள்விக்கு, அது எப்படி வந்தது என்று தெரியாமல் நீக்கக் கூடாது என்பதே என் பதில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் சீமையில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. அட்டவணையில் அதை மட்டும் பார்த்தால் எழுத்துப் பிழை என்றே தோன்றும். ஆனால் அது பெய்த மழை. தாமிரபரணிக் கரையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு அந்த எண்தான் முழு உண்மை. அதை "விலகிய மதிப்பு" என்று ஒதுக்கிவிட்டு ஒருவர் பாலம் கட்டினால் அந்தப் பாலம் நிற்காது. ஆகவே அந்தப் பெண்ணிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்.

வகுக்கும் எண்ணைப் பற்றி: விலக்கங்களை நீங்கள் ஊர் முழுவதன் உண்மையான சராசரியிலிருந்து அளக்கவில்லை, கையில் உள்ள 11 பேரின் சொந்தச் சராசரியிலிருந்து அளக்கிறீர்கள். அந்தச் சராசரி இந்தப் 11 பேருக்கு மிக நெருக்கமாகத் தானே உட்கார்ந்துகொள்வதால், விலக்கங்கள் உள்ளதைவிடச் சிறிதாகவே வரும். மேலும் விலக்கங்களின் கூடுதல் எப்போதும் சுழியம் என்பதால், பத்து விலக்கங்கள் தெரிந்தால் பதினோராவது தானாகத் தெரிந்துவிடும். சுதந்திரமானவை பத்துதான். எனவே கூறிலிருந்து, அதாவது கையில் எடுத்த சிலரிலிருந்து, முழுமைத்தொகுதியை, அதாவது எல்லோரையும், மதிப்பிடும்போது 10ஆல் வகுக்க வேண்டும். உங்கள் எண்களில் விலக்க வர்க்கங்களின் கூடுதல் 11,10,000. பத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் ஏறத்தாழ 333. 120 பேருக்குக் கணக்கிடும்போது 119ஆல் வகுத்தாலும் 120ஆல் வகுத்தாலும் வேறுபாடு அரை விழுக்காட்டுக்கும் குறைவு, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்த 11,10,000இல் 9,02,500 யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். மறுபடியும் அதே ஒருவர்.

ஆலங்குளம் அக்கா:

தங்கச்சி, நான் பத்து வயதில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றத் தொடங்கி, கல்லூரி முடிக்கும்வரை சுற்றியவள். கணக்கு எனக்கு ஆசிரியர் அளவுக்குத் தெரியாது, ஆனால் அந்த 1,550ஐப் பார்த்தவுடன் அது யாருடைய வீடு என்பதுபோல எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஆள் ஒரே நாளில் சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு 1,550 பீடி சுற்றுவது நடக்கிற காரியம் இல்லை. இலையை ஊற வைத்து, அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, முனையை மடக்கி, நூல் கட்டி முடிக்க வேண்டும். கை எவ்வளவு பழகியிருந்தாலும் அதற்கென்று ஒரு நேரம் வேண்டும்.

எங்கள் வீட்டில் பாஸ்புக் என் அம்மா பெயரில் மட்டும் இருந்தது. அம்மாவும் நானும் என் அக்காவும் சுற்றிய பீடி எல்லாம் அந்த ஒரே புத்தகத்தில் ஏறும். நீ அன்று கடை வாசலில் என் அம்மாவைக் கேட்டிருந்தால், அவர் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்லியிருப்பார். பொய் சொல்வதற்காக அல்ல. கடைக்காரர் கேட்கிற "நீ எத்தனை" என்பதற்கு எங்கள் தெருவில் அதுதான் பொருள். ஆகவே நீ எண்ணியது ஆட்களையா, புத்தகங்களையா என்று முதலில் முடிவு செய்துகொள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டி தினமும் 200 பீடிதான் சுற்றுவார். அவர் ஒருநாளும் கடைக்குப் போனதில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புவார். நீ வாசலில் ஒரு மாதம் நின்றாலும் அவரைப் பார்த்திருக்க மாட்டாய்.

முக்கூடல் மாணவி:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று மாலை அந்த வீட்டுக்கே நேரில் போனேன். நீங்கள் சொன்னபடியே, தாயும் இரண்டு மகள்களும் சுற்றியது: 600, 500, 450. இளைய மகள் பள்ளி விட்டு வந்த பிறகு சுற்றுகிறாள். என் படிவத்தில் "வீட்டில் எத்தனை பேர் சுற்றுகிறீர்கள்" என்ற கேள்வியே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. மற்ற 119 பேரின் படிவத்திலும் இதே குறை இருக்கும்.

பாளை கணக்காசிரியர்:

நேரில் போனதற்கு மகிழ்ச்சி. மற்ற பத்துப் புத்தகங்களிலும் ஒவ்வோர் ஆளே என்று வைத்துக்கொண்டால், இப்போது 11 புத்தகங்கள் 13 ஆட்களாகிவிட்டன. மொத்தப் பீடி மாறவில்லை, அதே 6,600. ஆனால் 13ஆல் வகுத்தால் கூட்டுச் சராசரி 508க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இடைநிலை அளவு ஏழாவது ஆளிடம் இருக்கிறது, அவர் சுற்றியது முன்போலவே 500. இரண்டும் இப்போது அருகருகே வந்துவிட்டதைக் கவனியுங்கள். திட்ட விலக்கம் 333இலிருந்து ஏறத்தாழ 104க்கு இறங்குகிறது. இந்தப் பெண்களுக்கிடையே இருப்பதாக நாம் எண்ணிய பெரிய ஏற்றத்தாழ்வு, புத்தகத்தையும் ஆளையும் குழப்பியதால் வந்தது. காயல்பட்டினத்து மழைக்கும் இந்த 1,550க்கும் உள்ள வேறுபாடு இதுதான். இரண்டும் உண்மையான எண்களே, ஆனால் இது நீங்கள் கேட்ட கேள்விக்கான எண் அல்ல. அதை நீக்கியிருந்தால் மூன்று தொழிலாளிகளை நீக்கியிருப்பீர்கள்.

பரவலைச் சொல்ல நீங்கள் கால்மானங்களையும், அதாவது ஏறுவரிசையைக் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் வெட்டும் எண்களையும், எழுதுங்கள். 13 பேரில் முதல் கால்மானம் 425, மூன்றாம் கால்மானம் 600. "நடுவில் உள்ள பாதிப் பேர் 425க்கும் 600க்கும் இடையில் சுற்றுகிறார்கள்" என்று எழுதினால், புள்ளியியல் படிக்காத ஒரு தொழிற்சங்கக்காரருக்கும் விளங்கும். திட்ட விலக்கம் 104 என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது.

அம்பை ஓய்வூதியர்:

மகளே, நான் புள்ளியியல் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து வயல்களில் கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களிலும் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்துதான் என் காலம் போனது. உன் வழிகாட்டியின் கேள்வி எங்களுக்கு வயல் வரப்பில் தினமும் வருகிற கேள்வி.

ஒரு ஊரின் நெல் விளைச்சலை அறிய எல்லா வயலையும் அறுத்துப் பார்க்க முடியாது. குலுக்கல்போல யார் விருப்பமும் கலவாமல் வரும் சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு சர்வே எண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்த வயலுக்குப் போய், அதன் தென்மேற்கு மூலையில் நிற்போம். நீளவாட்டில் இத்தனை காலடி, அகலவாட்டில் இத்தனை காலடி என்று சமவாய்ப்பு எண் சொல்லும் இடத்துக்கு நடந்து, முளை அடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டுவோம். மூலைவிட்டம் ஏறத்தாழ 7.07 மீட்டர் வந்தால்தான் அது சதுரம். அந்த 25 சதுர மீட்டரில் உள்ளதை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு, 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. 14 கிலோ கிடைத்தால் 5,600 கிலோ.

வயல்காரர் அருகிலேயே நிற்பார். நல்ல கதிர் நிற்கும் மூலையைக் காட்டி "ஐயா, இங்கே போடுங்கள்" என்பார் ஒருவர். வெள்ளம் அடித்துப் போன ஆண்டில் காப்பீட்டை எண்ணிச் சாய்ந்து கிடக்கும் பக்கத்தைக் காட்டுவார் இன்னொருவர். இருவர்மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எண் சொன்ன இடத்தைவிட்டு நான் ஒரு காலடி நகர்ந்தாலும், அது ஊரின் விளைச்சலாக இருக்காது, நகர்த்தியவரின் விருப்பமாகிவிடும். கயிற்றின் மேலேயே நிற்கும் தூர்களில்கூடக் கை தானாக உள்ளே இழுக்கும். வங்காளத்தில் பெரிய பயிர்க் கணிப்புகளை நடத்திய மகலனோபிஸ் காலத்திலேயே, வெட்டும் பரப்பு சிறிதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாக மதிப்பிடப்படுகிறது என்று கண்டார்கள். பரப்பு சிறிதாகச் சிறிதாக, உள்ளே இருப்பதை ஒப்பிடும்போது ஓரத்தில் நிற்பது அதிகம், அதுவே காரணம். அவர் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்குப் பின்னால் இருந்த அனுபவம் இப்படி வயலில் கிடைத்ததுதான்.

இப்போது உன் 120க்கு வருகிறேன். கூறு பெரிதாக ஆக, தற்செயலால் வரும் பிழை குறையும். 120 பேரை ஒழுங்காகக் குலுக்கி எடுத்திருந்தால், "பாதிப் பேர் இப்படி" என்ற கூற்றில் ஏறத்தாழ 9 விழுக்காடு அங்கே இங்கே போகலாம். அதைப் பாதியாக்க 480 பேர் வேண்டும், ஏனென்றால் நான்கு மடங்கு ஆள் சேர்த்தால்தான் பிழை பாதியாகும். ஆனால் ஒருபக்கச் சாய்வு அப்படிக் குறையாது. கடைக்கு வராத அந்தப் பாட்டி 120இலும் இல்லை, 300இலும் இல்லை, 3,000இலும் இருக்க மாட்டார். நெல் வியாபாரி மூட்டையில் குத்தூசியை மேலே மட்டும் குத்தி நூறு முறை எடுத்தாலும், அடியில் கிடக்கும் பதர் அவர் கைக்கு வராது. அதனால்தான் அவர் மேலே, நடுவே, அடியில் என்று குத்துவார், ஒரே மூட்டையோடு நிற்கவும் மாட்டார்.

உன் முறையில் இன்னொரு சாய்வும் மறைந்திருக்கிறது. ஒரு நாள் மட்டும் நின்றாய் அல்லவா? வாரத்தில் 6 நாளும் கடைக்கு வருகிறவரை நீ சந்திக்கும் வாய்ப்பு, 3 நாள் வருகிறவரைச் சந்திக்கும் வாய்ப்பைப்போல் இரண்டு மடங்கு. உன் 120 பேரில் 80 பேர் 6 நாள் வருகிறவர்கள், 40 பேர் 3 நாள் வருகிறவர்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். 80ஐ 6ஆல் வகு, 40ஐ 3ஆல் வகு. இரண்டும் 13.3தான். வாசலில் மூன்றில் இரண்டு பங்காகத் தெரிந்தவர்கள் ஊரில் பாதிதான்.

முக்கூடல் மாணவி:

ஐயா, அப்படியானால் எழுதிய 120ஐயும் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஐந்து வாரங்களே உள்ளன.

அம்பை ஓய்வூதியர்:

எறிய வேண்டாம். அவர்களை மறுபடி பார்க்க முடிந்தால், கடந்த வாரம் எத்தனை நாள் கடைக்குப் போனார்கள், புத்தகத்தில் எத்தனை கைகள் இருக்கின்றன என்ற இரண்டையும் கேட்டு, நாள் எண்ணிக்கையின் தலைகீழை, அதாவது 6 நாள் போனவருக்கு 1/6, 3 நாள் போனவருக்கு 1/3 என்று, நிறையாக வைத்து நிறையிட்ட சராசரி எடு. அதற்கு "கடைக்கு வரும் புத்தகங்களின் கணக்கு" என்று உள்ளபடி பெயர் கொடு.

அதன் பிறகு மூன்று ஊரில் ஓர் ஊரையாவது முறையாகச் செய். கடையின் பெயர்ப்பட்டியலை நம்பாதே, அதில் பாட்டி இல்லை. தெருத் தெருவாக நடந்து, பீடி சுற்றும் வீடுகளுக்கெல்லாம் நீயே வரிசை எண் போடு. பிறகு முதல் வீட்டைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் போ. இடைவெளியை முடிவு செய்யும் முன் வளவுகளை, அதாவது ஒரே வாசலுக்குள் வரிசையாக இருக்கும் வீடுகளை, பார்த்துக்கொள். ஒவ்வொரு வளவிலும் எட்டு வீடு இருந்து, நீயும் எட்டு வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே போக, குலுக்கலில் எட்டாம் வீடே முதலில் வந்துவிட்டால், எல்லா வளவிலும் கடைசி வீடே உன் கூறில் விழும். வெளிச்சமும் காற்றும் குறைந்த அந்தக் கடைசி வீட்டில் சுற்றும் வேகமும் வேறாக இருக்கலாம்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு முடித்துவிடாதே. நூறு நாள் வேலைக்குப் போனவர் மாலையில்தான் இருப்பார். பகலில் வீட்டில் இருப்பவரை மட்டும் எழுதினால், கடை வாசலில் நின்ற அதே சாய்வு தெரு வாசலில் வந்து நிற்கும்.

ஆலங்குளம் அக்கா:

மாலை ஆறு மணிக்கு மேல் போனால் எல்லோரும் விளக்கடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள், தங்கச்சி. நேற்று எத்தனை என்று வாயால் கேட்பதைவிட, கட்டி வைத்திருக்கும் கட்டுகளை அவர்களோடு உட்கார்ந்து எண்ணிவிடு. ஒவ்வொருவருடையதும் தனித்தனியாக இருக்கும் நேரம் அதுதான். காலையில் கடைக்குப் போகும்போது எல்லாம் ஒன்றாகிவிடும்.

முக்கூடல் மாணவி:

மூன்று நாள் நடந்து ஓர் ஊரின் பட்டியலை முடித்துவிட்டேன். பீடி சுற்றும் வீடுகள் 214. முப்பது வீடு எடுக்க முடிவு செய்து, இடைவெளியை 7 என்று வைத்தேன். அந்த ஊரின் வளவுகளில் நான்கு, ஐந்து, ஆறு என்று வீடுகள் கலந்திருப்பதால் ஐயா சொன்ன சிக்கல் வராது என்று எண்ணுகிறேன். 1 முதல் 7 வரை சீட்டு எழுதிச் செம்பில் போட்டு, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை எடுக்கச் சொன்னேன். 5 வந்தது.

ஐந்தாம் எண் வீடு பூட்டியிருந்தது. ஆறாம் வீட்டு அம்மா, "நான் இருக்கிறேனே, என்னை எழுதிக்கொள்" என்று பாயை விரித்துவிட்டார். அவர் வருத்தப்படாதபடி விவரம் சொல்லி, ஒரு குவளை மோர் குடித்துவிட்டு, பன்னிரண்டாம் வீட்டுக்கு நடந்தேன். ஐந்தாம் வீட்டுக்கு இன்று மாலை ஆறரை மணிக்குப் போகிறேன்.